கட்டிலுக்கு அடியில் கை விடாதே!

நாலுகால் உறவு – 12

பூனை மீதான முதல் வழக்கு பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில்தான் பதிவாகிறது. இரண்டு வயதுக் குழந்தை துரத்துகிறது. பூனை ஓடிப்போய்ச் சுவரோரம் ஒடுங்கிக்கொள்கிறது. குழந்தை குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டுகிறது. அடுத்த நொடி வீறிடல். புறங்கையில் மூன்று சிவப்புக் கோடுகள். ‘சும்மா இருந்த பிள்ளையைப் பிராண்டிடுச்சு’ என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். சாயங்காலத்துக்குள் பூனையைச் சாக்கில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிற வீடுகள் உண்டு.

அந்தப் பூனை முதலில் செய்தது என்ன? ஓடியது. தப்பிக்க இடம் இருக்கும்வரை பூனை தப்பிக்கவே பார்க்கும். மூன்று பக்கம் சுவரும் பெட்டியும், நாலாவது பக்கம் ஒரு கையும் என்று ஆனபிறகுதான் நகம் வெளியே வருகிறது. கைக்குழந்தையும் பூனையும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதி இதிலேயே அடங்கிவிடும்: பூனைக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

அந்த வழி உயரத்தில் இருக்கட்டும். பீரோவின் தலை, லாஃப்ட், அகலமான ஜன்னல் திண்டு, ஏதாவது ஓரிடத்தில் பழைய துண்டை மடித்துப் போடுங்கள். ஏறுவதற்கு ஸ்டூல் வைத்தால் குழந்தையும் பின்னாலேயே ஏறும். சுவரில் உயரமாக அடித்த பலகைதான் சரி. கட்டிலுக்கு அடியைப் பெட்டிகள் வைத்து அடைத்துவிடுங்கள். மேலே போய் உட்கார்ந்த பூனையை, சாப்பிடும் பூனையை, தூங்கும் பூனையை யாரும் தூக்கக்கூடாது. போட்டோ எடுப்பதற்காக அதை இறக்கிக்கொண்டு வரும் சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆரத்தி சுற்றி வீட்டுக்குள் வருகிறாள். பூனையின் கணக்கில், சோறு போட்டவள் ஒருநாள் காணாமல்போனாள். இப்போது அழுகைச் சத்தமும், புது வாசனையும், கூடம் நிறைய விருந்தாளிகளுமாகத் திரும்பியிருக்கிறாள். மிரளாமல் என்ன செய்யும்? சனி ஞாயிறில் குழந்தையைப் பார்க்கப் போகும் அப்பா, குழந்தை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் பையில் வைத்துக் கொண்டுவரட்டும். கூடத்து மூலையில் அதைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். பூனை தானாகப் போய் முகரும். மூக்கில் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டாம். பூனைக்குச் சாப்பாடு வைக்கிற வேலையும், அவள் ஊருக்குக் கிளம்பும் முன்பே அவர் கைக்கு மாறியிருக்க வேண்டும்.

பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்று பாட்டிகள் சொல்வதில் உண்மையில்லை. ஆனால் பூனையைத் தூளிப் பக்கம் அண்டவிடாமல் அவர்கள் விரட்டியது ரொம்பச் சரி. பூனை சூடு தேடிப் படுக்கும் பிராணி. தலை நிற்காத குழந்தையின் முகத்தை ஒட்டி மூன்று நான்கு கிலோ எடை படுத்துவிட்டால் குழந்தையால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. அப்படி நடப்பது மிக அபூர்வம். அதற்காகப் பரீட்சித்துப் பார்க்கிற விஷயமும் இல்லை. தூளியில் வேறொரு வம்பும் இருக்கிறது, தொங்குகிற புடவை நுனி. ஆடும் நுனியைப் பூனை உற்றுப் பார்க்கும்போது அதன் பின்பக்கத்தைக் கவனியுங்கள். முன்னுடம்பு தரையோடு பதிந்து, பின்பாகம் இடமும் வலமுமாக நெளிந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். நுனியை எடுத்து மேலே முடிந்துவிடுங்கள்.

குடை மாதிரி விரிக்கிற குழந்தைக் கொசுவலையைக் காவல் என்று நம்ப வேண்டாம். பூனை அதன்மேல் ஏறி உட்காரும்; கம்பி மடங்கி, வலையும் பூனையும் சேர்ந்து குழந்தை முகத்தில் இறங்கும். அதைவிட, குழந்தை தூங்கும் அறைக்கே கொசுவலை அடித்த கதவு போட்டுவிடலாம். காற்று வரும், சத்தம் கேட்கும், பூனையும் வெளியே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பழகிவிடும்.

தவழத் தொடங்கியதும் தரை இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது. பூனையின் பிஸ்கட்டைக் குழந்தை ருசி பார்க்காத வீடு இருக்காது. ஒன்றிரண்டு தின்றால் பெரிய கெடுதல் இல்லை. தொண்டையில் சிக்கினால்தான் ஆபத்து. சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் தட்டை வைத்து எடுத்துவிடுங்கள். மணல் தட்டு குழந்தை நுழைய முடியாத இடத்துக்குப் போகட்டும். அதைவிட நான் கவலைப்படுவது, தெருவில் கொட்டிக் கிடக்கும் கட்டட மணலைப் பற்றி. தெருப் பூனைகளுக்கு அதுதான் கழிப்பிடம், பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். பூனை மலத்தில் உள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் மணலில் சில வாரம் கிடந்தபிறகே தொற்றும் நிலைக்கு வருகின்றன. அதனால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிற மணலை நம்ப முடியாது. வீடு கட்டுகிறவர்கள் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் தெருவுக்கே புண்ணியம்.

இரண்டு வயதுக்கு மேல் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு கையால் மட்டும், கன்னத்திலும் தாடையிலும் தடவ வேண்டும். மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். பூனை தலையை நீட்டி உரசினால் இன்னும் மூன்று தடவை. முகத்தைத் திருப்பினால் விட்டுவிட வேண்டும். வால் சாட்டை மாதிரி அடிக்கிறது, காது பக்கவாட்டில் படிகிறது, முதுகுத் தோல் சிலிர்க்கிறது என்றால் ஆட்டம் முடிந்தது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது தடவச் சொல்லி அல்ல. அங்கே கை வைத்தால் நாலு கால் நகமும் சேர்ந்து பிடிக்கும். இத்தனை சொல்லிக்கொடுத்தாலும், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பூனையோடு தனியே விடாதீர்கள்.

குழந்தையிடமிருந்து பூனையையும் காக்க வேண்டும். ரப்பர் பேண்ட், ரிப்பன், ஊசியோடு கிடக்கும் நூல் இவற்றைப் பூனை விழுங்கிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, குடல் கிழியும். காய்ச்சலுக்குக் குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே ஒரு மாத்திரைகூடக் கொல்லும். சிரப் பாட்டிலை மூடி உள்ளே வையுங்கள். ‘பாவம், சுருண்டு கிடக்குதே’ என்று அதற்கும் ஒரு மூடி ஊற்றிவிடாதீர்கள். அந்துருண்டை இருவருக்குமே ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் நகம் படும். அப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ‘அதுகிட்ட போகாதேன்னு சொன்னேன்ல?’ என்று முதுகில் ஒன்று வைத்தால், அடுத்த தடவை பிள்ளை கையைப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். ஒளித்த கீறல்தான் ஆபத்தானது. காரணம், ரேபிஸ். நாய்க்கு மட்டும் உள்ள நோய் என்று பலர் நினைக்கிறார்கள். பூனை கடித்தாலும் பிராண்டினாலும் வரலாம். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்ததும் பிராண்டியதும் சொல்லப்பட்டுவிட்டால் தடுப்பது சுலபம். ‘சொன்னதுக்கு நல்ல பிள்ளை, வா கழுவலாம் கண்ணு’ என்பதுதான் பெற்றோர் வாயிலிருந்து வர வேண்டிய முதல் வார்த்தை.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு நேராக அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி இலவசம். ‘பூனைக்கு ஏதாவது ஆகிறதா, பத்து நாள் பார்ப்போம்’ என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியும் போடட்டும், பூனையையும் கவனியுங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். அதை டாக்டர் முடிவு செய்வார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தை இன்னும் சுமக்கிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள், அவ்வளவே. பெரியவர்களுக்குக் கையில், கைக்குழந்தைக்குத் தொடையில்.

கீறல் ஆறியபிறகும் ஒரு கண் இருக்கட்டும். ஓரிரு வாரம் கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, லேசாகக் காய்ச்சல் வந்தால், பூனை பிராண்டியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தெள்ளுப்பூச்சி மூலம் பூனைகளுக்குள் பரவும் பார்ட்டோனெல்லா கிருமியாக இருக்கலாம். குட்டிகளிடம்தான் அது அதிகம். தவழும் குழந்தை இருக்கும்போது புதிதாகக் குட்டி எடுத்து வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டிக்குக் கடித்து விளையாடும் வயது, குழந்தைக்குப் பிடித்து இழுக்கும் வயது; இரண்டையும் ஒரே சமயத்தில் சமாளிக்க வீட்டில் ஆள் கிடையாது. நன்கு பழகிய, வளர்ந்த பூனை வீட்டில் இருந்தால் அதைக் கொண்டுபோய் விட அவசியமும் இல்லை.

உங்கள் பூனையின் தடுப்பூசிப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி, பிறகு வருடா வருடம். தேதி தாண்டியிருந்தால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். புத்தகமே இல்லையென்றால் நாளைக்கே.

(தொடரும்)