நரம்பில் நோய்... மனசில் பாரம்!

சித்திரை வெயில் திருக்கோவிலூரில் எப்படிக் காயும் என்பது தென்பெண்ணை மணலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு இளம்பெண்ணுக்குக் கால் துவண்டு, கண் மங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. மாமியார் என்ன சொல்வார்? "காலைல நல்லாத்தானே இருந்தா? வேலைன்னா மட்டும் வந்துடும்!"

அவளுக்கு எம்.எஸ். எனப்படும் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' இருந்தால், இது நடிப்பே இல்லை. கரண்டு ஒயருக்கு மேலே உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் 'மயலின்' என்ற உறை உண்டு. மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் இந்த உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுவதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40-க்குள் தலைகாட்டும். பெண்களுக்குத்தான் அதிகம். உறை தேய்ந்த நரம்பில், உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே சேதி தடைப்படும். 1890-லேயே உதாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் உடனே நரம்பு டாக்டரைப் பாருங்கள்.

வெயிலைவிட மோசமானது ஒன்று இருக்கிறது... மனச்சோர்வு! எம்.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அது வருகிறது. "இப்படி ஒரு வியாதி வந்தா யாருக்குத்தான் கவலை இருக்காது?" என்று விட்டுவிடுகிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. கவலை மட்டுமே காரணமில்லை. மூளையில் ஏற்படும் அழற்சியும் தழும்புகளும்கூட மனநிலையைக் கெடுக்கும். தாக்குதலின்போது போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தூக்கத்தையும் மனசையும் புரட்டிப் போடும். கால் வலுவாக இருந்தும் வாழ்க்கையே கசந்து போனவர்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடி கலகலப்பாகக் குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு.

அசதி, தூக்கமின்மை இரண்டும் எம்.எஸ்ஸிலேயே வரும் என்பதால் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது சிரமம். இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடந்த 2 வாரமாக மனசு இருண்டே கிடக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லையா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை, மனநல ஆலோசனை, உடம்புக்கு ஏற்ற உடற்பயிற்சி என்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. "தேறிட்டேனே" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் அதட்டாதீர்கள். தனியாகவும் விடாதீர்கள்.

இதற்காகச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எம்.எஸ்ஸும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பின் அளவைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். நரம்பு டாக்டரின் சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.