கொடைக்கானல் குளிரில் சூப்: கொதி வந்தால் மட்டும் போதாது

மார்கழியில் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் ஒரு நல்ல சூப்புக்கு வேண்டியதெல்லாம் கண்முன் குவிந்து கிடக்கும். மன்னவனூர், பூம்பாறைப் பக்கமிருந்து வரும் கேரட், உருளைக்கிழங்கு, பட்டர் பீன்ஸ், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. சமையலறையோடு வீடு எடுத்துத் தங்குபவர்கள் இவற்றைப் பார்த்ததும் பை நிறைய வாங்கிவிடுகிறார்கள். வாங்கத்தான் வேண்டும். வெண்ணெயில் வெங்காயத்தையும் நாலு பல் மலைப்பூண்டையும் வதக்கி, கேரட்டும் ஓர் உருளைக்கிழங்கும் நறுக்கிப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து அரைத்து, கடைசியில் கொஞ்சம் பாலோ கிரீமோ ஊற்றினால் முடிந்தது. உருளைக்கிழங்கே கெட்டித்தன்மை கொடுத்துவிடும். மைதா வேண்டாம், சோளமாவும் வேண்டாம்.

ஆனால் மலையில் அடுப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் சூடேறாது, தண்ணீர்தான் வற்றும். கேரட் என்றால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் வேகவிட்டால் சரியாகிவிடும். ராஜ்மா போன்ற காய்ந்த பயறு சேர்ப்பதாக இருந்தால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாக வெந்தால் அழிந்துவிடும். அரைவேக்காட்டில் நின்றால் பச்சைக் கொட்டையைவிடக் கூடுதலாகவே தீங்கு செய்யும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள். குக்கருக்குள் மலையிலும் சூடு 110 டிகிரியைத் தாண்டிவிடும். வீட்டில் வைக்கும் விசிலைவிட இரண்டு மூன்று அதிகம் வையுங்கள். உருளைக்கிழங்கின் தோல் பச்சையாக மாறியிருந்தால், அல்லது முளை விட்டுக் கசந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதிலுள்ள சோலனைன் கொதியில் அழியாது.

அரைக்கும்போது ஒரு கவனம். சுடச்சுட மிக்ஸி ஜாரில் ஊற்றி மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிட்டுக் கையிலும் முகத்திலும் தெறிக்கும். ஆறவிட்டு, பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள். சூடு பட்டுவிட்டால் பற்பசையும் வேண்டாம், மாவும் மையும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கரி அடுப்பு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகள் இருவர், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியதில் புகையால் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். சமைத்து முடித்த கங்கில் குளிர் காய்வது நமக்கெல்லாம் இயல்பாகத் தோன்றுகிறது. அணைந்துபோனது போல் தெரியும் கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் என்று தொடங்குவதால் களைப்பு என்றே நினைத்துப் படுத்துவிடுவோம். விடுதிக்காரரே அடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அறைக்குள் எடுத்துப் போகாதீர்கள். கூடுதல் கம்பளி கேளுங்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்து தலை வலித்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழையுங்கள்.

கடையில் வாங்கிக் குடிப்பவர்களுக்குச் சட்டம் பக்கபலமாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்படி உணவு விற்பவருக்குப் பதிவோ உரிமமோ வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்தப் பதிவின் அல்லது உரிமத்தின் பதினான்கு இலக்க எண் இருக்க வேண்டும். அதனால் சூப் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ, பில் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சூப்புக்கு ‘கிரீம்’ என்று வாங்கும் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள்: பாலாடைக் கொழுப்பா, கெட்டிப்படுத்திய தாவர எண்ணெயும் சர்க்கரையுமா என்பது பொருட்பட்டியலில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்தால் மறுக்கலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டால் தொல்லையே இல்லை.

வாங்கிய உணவில் சந்தேகம் இருந்தால் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமை நமக்கே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சட்டத்தின் 40-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உடல் பாதிக்கப்பட்டால் 65-ஆவது பிரிவின்படி இழப்பீடு உண்டு: சாதாரணப் பாதிப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை, கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம். பில், மருத்துவரின் சீட்டு, மிச்ச உணவின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.