தண்ணீர் வந்த பிறகு காணாமல் போனவை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம். சதுப்பு நிலம் வற்றினால் நீர்ப்பூச்சிகள் அழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். வற்றிய நிலத்துக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தும் சில பூச்சிகள் போய்விட்டன என்றால்? நெதர்லாந்தில் அப்படித்தான் ஆனது.

அங்கே மழைநீரை மட்டுமே நம்பியிருக்கும் சதுப்புகள் உண்டு. ஸ்பாக்னம் என்ற பாசி செத்து, மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. தண்ணீர் புளிப்பாக இருக்கும். அந்தப் படிவத்தை வெட்டிக் காயவைத்துப் பல நூற்றாண்டுகள் அடுப்பெரித்தார்கள். தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள். கடைசியில் மிஞ்சியவை வெறும் துண்டுகள்: வெட்டிக் கைவிட்ட குழிகள், தூர்ந்த வாய்க்கால்கள், பாசி மூடிய பள்ளங்கள், நிலத்தடி நீர் லேசாகக் கசியும் ஓரங்கள். போன நூற்றாண்டின் பிற்பகுதியில் மீட்பு வேலை தொடங்கியது. வாய்க்காலை அடைத்தார்கள், கரை எழுப்பினார்கள், மழைநீரைத் தேக்கினார்கள்.

நைமேகன் பல்கலைக்கழகத்தின் வான் டௌனனும் உடன் ஆய்வாளர்களும் இந்த நீர்நிலைகளில் இருந்த சிற்றுயிர்களைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். 2003இல் வெளியான முடிவு சங்கடமானது. எல்லா இடங்களையும் கூட்டிப் பார்த்தால், மீட்பு வேலை தொடாத பழைய குழிகளில்தான் இனங்கள் அதிகம். அரியவையும் அங்கேதான் அதிகம்.

‘கூட்டிப் பார்த்தால்’ என்பதைக் கவனியுங்கள். ஒரு குளத்தை மட்டும் எடுத்து எண்ணினால் வித்தியாசம் பிடிபடாமல் போகலாம். முன்பு குழிக்குக் குழி வேறு வேறு கூட்டம் இருந்தது. இப்போது எந்தக் குளத்தில் வலை வீசினாலும் ஏறக்குறைய அதே கூட்டம். விருந்து இலையில் தனித்தனியாக இருந்த ரசம், கூட்டு, பச்சடி, பாயசம் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் கொட்டிய கதைதான். கோரன்பர்கர்வேன் என்ற சதுப்பில் பெரிய அளவில் மீட்பு வேலை நடந்த பிறகு, நீர்நிலைகளுக்கு இடையிலான வேறுபாடும் உயிரினப் பன்மையும் சேர்ந்தே சுருங்கின என்று 2010இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

ஏன் இப்படி? ஒரு நீர்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, புழு, வளர்ந்த வண்டு எல்லாமே தண்ணீரில்தான். ஆனால் கூட்டுப்புழுவாகும் வேளை வந்ததும் புழு கரையேறி, ஈரமண்ணில் சின்ன அறை செய்து அதற்குள் அடங்குகிறது. கரை திடீரென்று முழுகிவிட்டால் ஏறுவதற்கு இடம் ஏது? சதுப்புத் தும்பிகள் சிலவற்றின் இளம் பருவம் தண்ணீரில் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நீளும். அதற்குள் அந்தக் குழியின் தன்மை மாறினால் ஒரு தலைமுறையே போகும். தும்பியாவது பறந்து வந்து மறுபடி முட்டையிடும். சேற்றுப் புழுவுக்குச் சிறகு இல்லையே.

இன்னொன்றும் உண்டு. காய்ந்து கிடந்த மண் திடீரென முழுகும்போது அதிலிருக்கும் பாஸ்பரஸ் தண்ணீரில் கரைகிறது. ஊட்டம் கூடுகிறது, பச்சைப் பாசி பெருகுகிறது, அடியில் ஆக்சிஜன் குறைகிறது. இது யாருக்கு லாபம்? மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ‘பிளட் வார்ம்’ என்று வாங்கிப் போடும் சிவப்புப் புழு போன்றவற்றுக்கு. அதன் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. காற்று குறைந்த சேற்றிலும் அதனால் தாக்குப்பிடிக்க முடியும். ஊட்டமில்லாத புளிப்பு நீருக்குப் பழகியவை ஒதுங்கிவிடுகின்றன.

நம் ஊர் ஏரிகள் வேறு மாதிரி, புளிப்பும் இல்லை, ஸ்பாக்னமும் இல்லை. ஆனாலும் பொக்லைன் வைத்துச் சுற்றிலும் ஒரே ஆழத்துக்கு வெட்டி, சரிவில் கல் பதித்து, மேலே நடைபாதை போடும்போது எனக்கு அந்த வண்டுப் புழுவின் நினைவு வருகிறது.

மீட்பே வேண்டாம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கரை போடாமல் விட்டால் அந்தக் குழிகளும் ஒருநாள் தூர்ந்து காயும். முதலில் எந்தக் குழியில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பகுதி பகுதியாக, நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பக்கத்துக் குளத்துக்கு உயிர்கள் பரவும்வரை பழைய குழியைத் தொடக்கூடாது. சிக்கல் என்னவென்றால் இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒதுக்கிய பணத்தையோ குறித்த தேதிக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டியாக வேண்டும்.