ஒட்டிய விழித்திரையும் நிமிராத கோடும்

ரப்பர்த் தோட்டமொன்றில் நெடுங்காலம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற செமோர் வாசகர் ஒருவர் கேள்வி ஒன்று அனுப்பியிருக்கிறார். வலக்கண்ணின் விழித்திரை விலகி, அதற்குச் சஸ்திர சிகிச்சை நடந்து, சிகிச்சை முழு வெற்றி என்று வைத்தியரும் கூறி, எழுத்துப் பலகையின் கீழ்வரிகளைக்கூட அந்தக் கண்ணால் படிக்க முடிந்த பின்னரும், கதவு நிலை நடுவில் உள்வாங்கித் தெரிகிறது, பேரேட்டின் கோடுகள் நெளிகின்றன, மனிதர் முகம் அந்தக் கண்ணுக்கு மட்டும் சற்றுச் சிறுத்துக் காண்கிறது என்கிறார். வீட்டில் சொன்னால், "வயசாயிடுச்சுப்பா, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று பிள்ளைகள் தேற்றுகிறார்களாம். திரை ஒட்டிவிட்ட பிறகும் கோடு ஏன் நிமிரவில்லை என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட வேண்டும்: இது மனப்பிரமை அன்று. விழித்திரை விலகலுக்குச் சிகிச்சை பெற்றவர்களில், அதிலும் பார்வையின் மையமான மாகுலாவும் சேர்ந்து விலகியவர்களில், பலர் அனுபவிக்கும் இந்த விபரீதத்தை அளக்கலாம், படம் பிடிக்கலாம், இவ்வளவு மில்லிமீட்டர் என்று கணக்கிட்டும் சொல்லலாம். எழுத்துப் பலகை இதைக் கண்டுபிடிப்பதில்லை என்பது பலகையின் குறையேயன்றி நோயாளியின் குறை அல்ல. நெளிந்த எழுத்தும் படிக்கக்கூடிய எழுத்தே ஆதலால், எழுத்தை இனங்காண்பதை மட்டும் கேட்கும் பரிசோதனைக்கு அதன் நெளிவு எப்போதும் தப்பிவிடுகிறது.

விழித்திரையின் ஒவ்வோர் ஒளியுணர் அணுவுக்கும் வெளியுலகில் ஒரு திசை விலாசமாக விதிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அணு தூண்டப்பட்டால், ஒளி உண்மையில் எங்கிருந்து வந்தது என்று மூளை விசாரிப்பதில்லை. அந்த அணுவின் பெயரில் எந்தத் திசை பதிவாகியிருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி இருக்கிறது என்றே முடிவு செய்கிறது. ஜெர்மானிய தத்துவ ஞானி லோட்ஸெ 1852-இல் இந்தக் கருத்தை வெளியிட்டபோது அது பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது. விழித்திரை விலகி மீண்டும் ஒட்டிய கண்ணோ அந்த ஊகத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

கேட்டவர் கிராணியாக இருந்தவராதலால் தோட்டத்தையே உதாரணமாகக் கொள்வோம். நிரை நிரையாக ரப்பர் மரங்கள் நிற்கும் காட்டில் நிரைக்கு ஒருவராகப் பால் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து தத்தம் நிரை எண்ணைச் சொல்லி நிறுத்துக் கொடுக்கிறார்கள். காட்டுப் பக்கமே வராத கிராணி ஒருவர், எண்ணையும் எடையையும் பேரேட்டில் எழுதி, அதைக் கொண்டே காட்டின் படத்தை வரைகிறார். ஒரு நாள் பெருவெள்ளம் வந்து, வடிந்த பின் ஆட்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பும்போது, ஒரு பகுதியில் மட்டும் ஒவ்வொருவரும் ஒரு நிரை பள்ளத்துப் பக்கம் தள்ளி நின்றுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரிலிருக்கும் மரத்தைத்தான் வெட்டுகிறார்கள். பாலிலே பொய் இல்லை. ஆனால் கொட்டகையில் சொல்வது பழைய எண். கிராணியின் படத்தில் அந்தப் பகுதி மட்டும் கோணிப்போகிறது. பத்து மரத்துக்குப் பத்துப் பேர் நின்ற இடத்தில் ஆட்கள் விலகி எட்டுப் பேரே நிற்பார்களானால், எட்டு எண்களே வந்து சேர்வதால், அந்த இடம் சுருங்கிவிட்டதென்று அவர் எழுதுகிறார். பெரியவருக்கு முகம் சிறுத்துத் தெரிவது இதனால்தான். பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்றால் அதே இடம் வீங்கிவிடுகிறது. வெள்ளம் நின்ற நாட்களில் பட்டினி கிடந்தவர்கள் சிலர் வேலைக்கே வராமற்போக, அவர்களுடைய வரி வெறுமையாய்க் கிடக்கிறது. சிலர் மெல்ல உடல் தேறி, மாதங்கள் கழித்துத் தம் பழைய எண்ணோடு வந்து நிற்கிறார்கள். அடுத்த காட்டுக்கு, அதாவது இடக்கண்ணுக்கு, வேறொரு கிராணி இருக்கிறார். அவர் பேரேட்டில் பிழையே இல்லை. இரண்டு பேரேடுகளையும் ஒன்றாகக் கட்டித் துரையிடம் ஒரே படமாகக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் இவ்விஷயத்தில் ஆகக் கடினமான பகுதி; அதற்குப் பிறகு வருகிறேன்.

பட்டினி என்றது அணுக்களின் உண்மை நிலை. ஒளியுணர் அணுக்களுக்குப் பிராணவாயுவும் போஷணையும் பெரும்பாலும் அடியிலுள்ள நிறமிப் படலத்தின் வழியாகவே வருகின்றன. வயது ஏறக் கண்ணின் உள்ளிருக்கும் விழிப்பசை இளகிச் சுருங்கி, தான் பற்றியிருக்கும் இடத்தில் இழுத்து விழித்திரையைக் கிழித்துவிட்டால், அந்தக் கிழிசல் வழியே நீர் புகுந்து திரையை அடிப்படலத்திலிருந்து பிரிக்கிறது. பிரிந்திருந்த காலம் நீள நீளச் சேதமும் வளர்கிறது. ஆகவேதான் கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்பூச்சிகள் திடீரெனப் பறப்பது போலவோ, ஓரத்திலிருந்து நிழல் கவிவது போலவோ தோன்றினால் அன்றைக்கே ஈப்போவிலுள்ள கண் வைத்தியரிடம் புறப்பட வேண்டும்.

திரை நழுவுவது எப்படி? இன்று வழக்கமான விட்ரெக்டமி சிகிச்சையில் விழிப்பசையை அகற்றி, திரைக்கு அடியிலுள்ள நீரைப் பெருமளவு வடித்து, உள்ளே வாயுக் குமிழியை நிரப்பி, கிழிசலைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ தழும்பு உண்டாக்குகிறார்கள். அடியில் கொஞ்சம் நீர் எஞ்சுவதுண்டு. நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் வாயு மேலே மிதக்கிறது. அதன் அழுத்தத்தால் எஞ்சிய நீர் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. நீரோடு திரையும் இழுபட்டு, தான் முன்பிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் 'சற்று' எவ்வளவென்றால், விழித்திரையில் 0.1 மில்லிமீட்டர் நழுவினாலும், 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த பத்திரிகையில் அது ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டராகிவிடும், பத்திரிகை எழுத்தின் உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோடு எந்தப் பக்கம் சாயும் என்றால், திரை கீழே நழுவினால் காட்சியும் கீழேயே நழுவுகிறது. பிம்பம் தலைகீழாக விழுவதால் நேர்மாறாக நிகழுமென்று நினைக்கத் தோன்றும்; ஆனால், மேலிருந்து கீழிறங்கி வந்த அணுவின் விலாசம், அதே தலைகீழ் ஏற்பாட்டின்படி, வெளியுலகில் கீழ்ப்புறமாகவே பதிவாகியிருக்கிறது. இரண்டு தலைகீழ்களும் ஒன்றையொன்று நேராக்கிவிடுகின்றன. திரை முழுவதும் ஒரே அளவாக நழுவினால் கோடு நேராகவே நின்று, இரண்டு கண்களின் காட்சி மட்டும் பொருந்தாமற்போகும். ஓரிடத்தில் அதிகமும் இன்னோரிடத்தில் குறைவுமாக நழுவும்போதுதான் கோடு வளைகிறது.

இதற்குச் சாட்சியம் கிடைத்த விதம் எனக்குப் பெரும் வியப்பைத் தருவது. நிறமிப் படலத்தில் வயதோடு சேரும் கழிவுத் துகள்கள், குறிப்பிட்ட ஒளி பட்டால் தாமே ஒளிர்கின்றன. அவ்வொளியில் எடுத்த படத்தில் இரத்தக் குழாய்கள் கருங்கோடுகளாகத் தெரியும். சிகிச்சைக்குப் பிறகு இப்படிப் படமெடுத்த ஜப்பானிய வைத்தியர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பல கண்களில் கருங்கோட்டுக்கு மேலே, அதற்கு இணையாக, அதன் வளைவுகளையெல்லாம் அப்படியே பின்பற்றி ஒரு பிரகாசமான கோடு ஓடக் கண்டார்கள். பல்லாண்டுகளாகக் குழாயின் நிழலிலேயே இருந்துவிட்ட நிறமிப் படலத்தின் பகுதி அது. குழாய் திரையோடு கீழே போய்விட, நிழல் விலகிய அந்தப் பழைய இடம் ஒளிர்கிறது. கருங்கோட்டுக்கும் ஒளிக்கோட்டுக்கும் இடையே அளந்தால் திரை எவ்வளவு நழுவியது என்ற கணக்கு அந்தக் கண்ணிலேயே எழுதியிருக்கிறது! பெரியவரின் வீட்டார் இப்படியொரு படத்தைப் பார்த்தால் வயதைக் காரணம் சொல்ல மாட்டார்கள்.

சரித்திரத்துக்கு ஒரு பத்தி போதும். கிழிசலே விலகலின் காரணம், அதை அடைத்தாலொழியத் திரை ஒட்டாது என்பதைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டியவர் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஷூல் கொனேன். அதற்கு முன் இந்நோய் வந்த கண் பெரும்பாலும் போன கண்ணே. அவருடைய பதவிக்கு 1935-இல் வந்த மார்க் ஆம்ஸ்லர்தான், கோடு வளைவதைக் கண்டறியும் கட்டத் தாளை வகுத்தவர். பாஸ்டனில் விழித்திரை நிபுணர் ஷெப்பன்ஸிடம் பயின்று திரும்பிய டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தோற்றுவித்ததோடு இக்கலை தமிழர் நடுவே வேரூன்றியது. ராபர்ட் மெக்கமர் 1970-களில் விட்ரெக்டமியைக் கொண்டுவந்தார். இவ்வளவும் ஒட்ட வைக்கும் வரலாறு. நேராக ஒட்ட வைக்கும் வரலாறு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

தொடங்கியதுமே ஆரவாரமும் கூடவே வந்துவிட்டது. டொரொன்டோவில் 176 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், விட்ரெக்டமி இன்றி வாயுக் குமிழியை மட்டும் செலுத்தும் எளிய முறையில் காட்சியின் செங்குத்து வளைவு குறைவாக இருந்தது உண்மை. ஆனால், முதற்சிகிச்சையிலேயே ஒட்டியவை விட்ரெக்டமியில் 93.2 விழுக்காடாக இருக்க, எளிய முறையில் 80.8 விழுக்காடுதான் என்ற மறுபாதியை உற்சாகமாக எழுதியவர்கள் மெல்லிய குரலில் சொன்னார்கள். எல்லாக் கிழிசலுக்கும் அம்முறை பொருந்துவதுமில்லை. லண்டனில் நடந்து 2020-இல் வெளியான இன்னொரு சோதனையில், சிகிச்சை முடிந்த கையோடு முதல் 24 மணி நேரம் முகங்குப்புறப் படுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் திரை நழுவியிருந்தது. இரட்டைக் காட்சியும் குப்புறப் படுத்தவர்களிடம் குறைந்தது. எனினும் பார்வைக் கூர்மையிலோ, அளந்த வளைவிலோ இரு சாராருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. பலன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை என்பதே இவற்றை நேர்மையாகப் படிப்பவர் சொல்லக்கூடியது.

இவற்றைவிட என்னை வருத்துவது, கண்ணுக்கான அப்பியாசங்கள், சொட்டு மருந்துகள், கைப்பேசி விளையாட்டுகள் ஆகியவற்றால் "மூளையைப் பழக்கி" வளைந்த கோட்டை நிமிர்த்தலாம் என்று விற்பவர்களின் வாக்குறுதி. தலைகீழாக்கும் கண்ணாடியை அணிந்து நாட்கள் செல்லச் செல்லப் பழகிக்கொண்ட ஸ்ட்ராட்டன் என்னும் அமெரிக்கரின் 1890-களின் பரிசோதனையை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அவருக்கு உலகம் முழுவதும் ஒரே விதிப்படி புரண்டது. மற்ற கண்ணையோ அவர் மூடியே வைத்திருந்தார். விலகல் கண்ட கண்ணில் இடத்துக்கு இடம் நழுவல் வேறு; பக்கத்திலேயே நேரான காட்சியைத் தரும் இன்னொரு கண் நாள் முழுதும் திறந்திருக்கிறது. இரண்டு நிலைமைகளையும் ஒன்றாகக் காட்டி ஏழையின் காசைப் பறிப்பது அநியாயம்.

காலம் செய்யும் உதவி வேறு, அது உண்மையானது. சேதமுற்ற அணுக்களின் வெளிநுனிகள் மெல்ல வளர்கின்றன. திரையில் விழுந்த நுண்ணிய மடிப்புகள் மாதக்கணக்கில் மறைவதை, விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓ.சி.டி. படங்களில் காணலாம். ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், வளைவு தணிந்துகொண்டே வரக்கூடும். பலருக்குக் கொஞ்சம் மிஞ்சி நிற்கும்.

மிஞ்சியதோடு வாழ்வதில் சங்கடம் தருவது பெரும்பாலும் வளைந்த கண் தனியே அன்று. இரண்டு கண்களும் ஒத்துப்போகாமையே. தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே சிந்துவது, படியின் விளிம்பு தவறுவது, மோட்டார் சைக்கிளில் எதிரே வரும் லாரியின் தூரம் பிடிபடாதது எல்லாம் இதன் விளைவு. கிரிக்கெட் வீரர் பட்டௌடிக்கு 1961-இல் நேர்ந்த கார் விபத்தில் வலக்கண்ணுக்கு வந்தது வேறு வகைக் கேடானாலும், இரு கண்களின் பிணக்கு இதே ஜாதியைச் சேர்ந்தது. பந்து இரண்டாகத் தெரிந்தபோது தொப்பியின் விளிம்பைத் தாழ்த்தி வலக்கண்ணை மறைத்துக்கொண்டு, 1962 ஜனவரியில் சென்னையில் அவர் 103 ஓட்டங்கள் எடுத்தார். படிக்கும் நேரத்துக்கு மட்டும் கண்ணாடியின் ஒரு வில்லையை மங்கலாக்கிக் கொள்வது அதே உபாயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திரை ஒரே சீராக நழுவியதால் வந்த இரட்டைக் காட்சிக்குப் பட்டகக் கண்ணாடி உதவும்; இடத்துக்கு இடம் மாறும் வளைவுக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. கோப்பையின் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு ஊற்றுவதும், படி விளிம்புகளில் பளிச்சென்ற நாடா ஒட்டுவதும் விலை குறைந்த, பலன் நிச்சயமான காரியங்கள். கண்ணில் வாயுக் குமிழி இருக்கும் வரையில் விமானமோ கேமரன் மலையோ வேண்டவே வேண்டாம். உயரம் ஏற வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் அபாயகரமாகக் கூடிவிடும்.

பெரியவர் வீட்டிலேயே செய்யத்தக்கது ஒன்று உண்டு. 10 சென்டிமீட்டர்ச் சதுரத்தில் 5 மில்லிமீட்டர்க் கட்டங்கள் போட்டு, நடுவே ஒரு புள்ளி வைத்து, படிக்கும் கண்ணாடியை அணிந்து, இடக்கண்ணை மூடி, சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளியையே பார்க்க வேண்டும். அத்தொலைவில் ஒரு கட்டம் விழித்திரையில் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். கோடுகள் எங்கே எப்படி நெளிகின்றனவோ அப்படியே வேறொரு தாளில் வரைந்து தேதியிட்டு, வாரம் ஒரு முறை சேர்த்து வைத்து, வைத்தியரிடம் போகும்போது கையில் கொண்டுபோகலாம். பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இது அரிதன்று. வளைவு குறைந்துகொண்டு வந்தால் பொறுத்திருக்கலாம். குறைந்து வந்தது மாதங்கள் கழித்து மீண்டும் கூடினால், திரையின் மேல் மெல்லிய தழும்புச் சவ்வு படர்ந்து அதைச் சுருக்குகிறதோ என்று ஓ.சி.டி. எடுத்துப் பார்க்கும்படி கேட்க வேண்டும். அச்சவ்வை உரித்தெடுக்கச் சிகிச்சை இருக்கிறது, அதன் பின் வளைவு கணிசமாகக் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். புதிதாக நிழலோ மின்னலோ தோன்றினால் மட்டும், கொடுத்த தேதி வரட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்கலாகாது.