நிகழ்படக்கருவி மின்கலம் மாற்றுதல்

நிகழ்படக்கருவி (கேம்கார்டர்) மின்கலம் மாற்றுதல் என்பது, பலமுறை மின்னேற்றப்பட்டதாலோ நெடுநாள் பயன்படுத்தப்படாமல் இருந்ததாலோ கொள்திறன் குன்றிய மின்கல அடுக்கை (பேட்டரி) நீக்கி, அக்கருவிக்கு ஏற்ற வேறோர் அடுக்கைப் பொருத்துவதாகும். வீடியோ 8, ஹை 8, மினி டிவி போன்ற நாடாக்களை இயக்க அவ்வவ் வகைக்குரிய கருவி தேவை. எனவே பழைய குடும்ப, விழாப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக் காப்பதற்கு இன்றும் இது தேவைப்படுகிறது.

காலப் பின்னணி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு திருக்குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கொணரப்படும் அத்திவரதர் 1979 ஆம் ஆண்டிலும், பின்னர் 2019 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரையும் காட்சியளித்தார். ஒளிப்படக்கருவியும் நாடாப் பதிவியும் ஒன்றிணைந்த வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் 1979 இல் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. சோனி நிறுவனத்தின் பீட்டாமூவி 1983 இல் வெளிவந்தது. வீடியோ 8 முறை 1985 இலும், எண்முறைப் பதிவான மினி டிவி 1995 இலும் அறிமுகமாயின. 2019 ஆம் ஆண்டுக்குள் நகர்பேசிகள் இவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. இவ்விரு அத்திவரதர் விழாக்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் காஞ்சிபுரத்து வீடுகளில் பதிவான திருமணங்களும் வைகாசிக் கருட சேவைக் காட்சிகளும் பெரும்பாலும் நாடாவிலேயே உள்ளன.

மின்கல வகைகள்

முழு அளவு விஎச்எஸ் கருவிகள் சிலவற்றில் 12 வோல்ட்டு ஈய-அமில மின்கலங்கள் பயன்பட்டன. தொடக்ககால வீடியோ 8 கருவிகளில் நிக்கல்-காட்மியம் அடுக்குகள் இருந்தன. இவ்வகையில் ஒரு தனி மின்கலம் 1.2 வோல்ட்டு தருவதால், ஐந்து சேர்ந்து 6 வோல்ட்டு கிடைக்கும். 1991 இல் சோனி நிறுவனம் இலித்தியம் அயனி மின்கலத்தை வணிக முறையில் வெளியிட்டது. அதன் தொடக்ககாலப் பயன்பாடுகளில் கேம்கார்டரும் ஒன்று. இதில் ஒரு தனி மின்கலம் 3.6 அல்லது 3.7 வோல்ட்டு தரும். இரண்டைத் தொடராக இணைத்த 7.2 அல்லது 7.4 வோல்ட்டு அடுக்குகளே பின்னாளில் பரவலாயின.

தேய்வுக்கான காரணங்கள்

இலித்தியம் அயனி மின்கலத்தில், மின்னேற்றும்போது இலித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து கரியாலான எதிர்மின்வாய்க்குச் செல்கின்றன, மின்னிறங்கும்போது திரும்புகின்றன. எதிர்மின்வாயின் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலம் காலப்போக்கில் தடித்து, அயனிகளில் ஒரு பகுதியைச் சிறைப்படுத்துகிறது. இதனால் கொள்திறன் குறைந்து உள்தடை உயர்கிறது. சில நூறு மின்னேற்றச் சுழற்சிகளில் இக்குறைவு புலப்படத் தொடங்கும். முழு மின்னேற்றத்துடன் வெப்பமான இடத்தில் வைத்திருந்தால், பயன்படுத்தாமலேயே தேய்வு விரைவுபெறும். கோடையில் 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்லும் வட தமிழ்நாட்டு வெயிலில், மூடிய ஊர்தியினுள்ளோ கூரையடிப் பரணிலோ மின்கலத்தை வைப்பது ஏற்றதன்று.

தேய்வை அறிதல்

7.2 வோல்ட்டு, 2000 மில்லி ஆம்பியர்-மணி அடுக்கு ஒன்று 14.4 வாட்-மணி ஆற்றல் கொண்டது. 4 வாட் நுகரும் கருவியை அது சுமார் 3 மணி 36 நிமிடம் இயக்க வேண்டும். அதில் பாதி நேரமே இயங்கினால் கொள்திறன் பாதியாகிவிட்டது எனலாம். திரையில் போதிய மின்னேற்றம் காட்டியும், நாடா சுழலத் தொடங்கியதும் கருவி அணைந்துபோவது உள்தடை உயர்ந்ததன் அறிகுறியாகும். நாடாவைச் சுழற்றும் மின்னோடி கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டெனச் சரிவதே இதற்குக் காரணம். நாள், நேரம் மட்டும் அடிக்கடி அழிந்துபோனால், தேய்ந்தது பெரும்பாலும் கருவியினுள் உள்ள சிறு மின்கலமேயாகும். முதன்மை அடுக்கை மாற்றுவதால் அது சரியாகாது.

மாற்று அடுக்கைத் தேர்தல்

1. வேதியியல் வகையும் மின்னழுத்தமும் பழைய அடுக்குடன் ஒத்திருக்க வேண்டும். 7.2, 7.4 வோல்ட்டு என்பன ஒரே வகை இரட்டை இலித்தியம் அயனி அடுக்கின் இருவேறு குறிப்பீடுகளாகும்.
2. மில்லி ஆம்பியர்-மணி அளவு கூடுதலாக இருக்கலாம். அது இயங்கும் நேரத்தை மட்டுமே கூட்டும்.
3. அளவுக்கு மீறிய கொள்திறன் குறிப்புகளை நம்பலாகாது. பல அடுக்குகளில் உள்ள, 18 மி.மீ விட்டமும் 65 மி.மீ நீளமும் கொண்ட உருளை மின்கலத்தின் உச்சக் கொள்திறன் ஏறத்தாழ 3500 மில்லி ஆம்பியர்-மணி ஆகும். தொடரிணைப்பில் கொள்திறன் கூடாது. ஆதலால் இத்தகைய இரண்டு மின்கலங்கள் மட்டும் கொண்ட அடுக்கில் 6000 என அச்சிட்டிருந்தால் அது பொய்யாகும்.
4. இந்தியாவில் விற்கப்படுபவற்றில் ஐ.எஸ். 16046 தரநிலைக்குரிய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அடுக்கின் உள்ளே மிகை மின்னேற்றம், மிகை மின்னிறக்கம், குறுக்குச்சுற்று ஆகியவற்றைத் தடுக்கும் காப்புச் சுற்று இருக்கும். மலிவான போலிகளில் இது குறைபாடுடையதாகவோ இல்லாமலோ இருக்கக்கூடும்; அவை தீப்பற்றும் வாய்ப்பு மிகுதி. கூட்டைப் பிளந்து உள் மின்கலங்களை மட்டும் மாற்றுவதும், முற்றிலும் மின்னிறங்கிய அடுக்கைக் காப்புச் சுற்றைத் தவிர்த்து நேரடியாக மின்னேற்றுவதும் தீவிபத்தை உண்டாக்கக்கூடும். பயிற்சியற்றோர் இவற்றைச் செய்தலாகாது.

மின்கலமின்றி இயக்குதல்

நாடாவைக் கணினிக்கு மாற்றுவது மட்டுமே நோக்கமாயின் புதிய அடுக்கு பல வேளைகளில் தேவைப்படாது. பெரும்பாலான கருவிகளை அவற்றுக்குரிய மின்மாற்றி (அடாப்டர்) கொண்டு வீட்டு மின்சாரத்திலேயே இயக்கலாம். சிலவற்றுக்கு மின்கல வடிவிலான இணைப்புக் கூடு வேண்டும். படியெடுக்கும் நடுவில் மின்சாரம் தடைப்பட்டால், நாடா கருவிக்குள் சிக்காதிருக்க, அதனைக் கையால் இழுக்காமல் மின்சாரம் வந்தபின் கருவியைக் கொண்டே வெளியேற்ற வேண்டும்.

பராமரிப்பும் கழிவு நீக்கமும்

நிக்கல்-காட்மியத்துக்குக் கூறப்பட்ட, முழுதும் தீர்ந்தபின் மின்னேற்றும் வழக்கம் இலித்தியம் அயனிக்குத் தேவையில்லை. நெடுநாள் வைப்பதாயின் ஏறத்தாழ 40 விழுக்காடு மின்னேற்றத்துடன், கருவியிலிருந்து கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கலாம். உப்பிய, கசிந்த, சூடேறும் அடுக்கை மீண்டும் மின்னேற்றலாகாது. இந்தியாவின் 2022 ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய மின்கலங்களை வீட்டுக் குப்பையுடன் கலக்காமல் தனியே பிரித்துச் சேகரிப்போரிடம் அளிக்க வேண்டும். அளிக்குமுன் மின்முனைகளைக் காப்பு நாடாவால் மூடினால் குறுக்குச்சுற்று தவிர்க்கப்படும்.