கருத்துரை எழுதிய சட்டத்தரணி

குவாண்டனாமோவைப் பற்றி நம்மில் கேள்விப்படாதவர் இல்லை. ஜோன் யூ என்ற பெயரைத்தான் பலரும் அறியமாட்டார்கள்.

2002 மார்ச்சில் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் அபூ ஸுபைதா பிடிபட்டார். சவூதியில் பிறந்த பலஸ்தீனர். அல்காயிதாவின் மூன்றாவது ஆள் என்று அமெரிக்கா சொன்னது. (பிறகு அந்தக் கதையை அமெரிக்க அரசே கைவிட்டது வேறு விசயம்.) அவரை வதைத்து விசாரிக்க சீ.ஐ.ஏ.க்கு ஆசை, ஆனால் பயமும் இருந்தது. வெளிநாட்டில் சித்திரவதை செய்யும் அமெரிக்கரைத் தண்டிக்க அங்கே சட்டம் உண்டு. ஆகவே நீதித் திணைக்களத்தின் சட்ட ஆலோசனை அலுவலகத்தை நாடினார்கள். அங்கே பதிலைத் தயாரித்தவர்தான் யூ. அப்போது வயது 35.

2002 ஒகஸ்ட் 1ஆம் திகதியிட்ட அந்தக் கருத்துரையில் ஒப்பமிட்டவர் அவருடைய மேலதிகாரி ஜே பைபீ. உடலுறுப்புச் செயலிழத்தல், மரணம் போன்றவற்றின்போது வரும் அளவுக்கு வேதனை இருந்தால்தான் அது சித்திரவதையாம்! இந்த அளவுகோலை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? மருத்துவக் கொடுப்பனவுச் சட்டத்தில், அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை எது என்று விளக்கும் வாசகத்திலிருந்து. நோயாளிக்கு உதவ எழுதிய வசனம் கைதியின் தலையில் விடிந்தது. அதே நாளில் இன்னொரு கருத்துரை, முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைப்பது, சிறிய பெட்டிக்குள் அடைப்பது உட்படப் பத்து முறைகளை அனுமதித்தது. அந்த ஒரே மாதத்தில் அபூ ஸுபைதாவுக்கு 83 தடவை தண்ணீர் ஊற்றினார்கள்.

2004இல் அதே அலுவலகத்தின் தலைவர் ஜெக் கோல்ட்ஸ்மித் முதல் கருத்துரையை மீளப்பெற்றார். அவரும் புஷ் அரசின் ஆள்தான்.

பொறுப்புக் கூறல் என்று வந்தபோது, செய்தவர்கள் சட்டத்தரணியைக் காட்டினார்கள். சட்ட ஆலோசனையை நம்பிச் செயற்பட்டவர்கள்மீது வழக்கில்லை என்று ஒபாமாவும் 2009இல் அறிவித்தார். சரி, ஆலோசனை சொன்னவர்? திணைக்களத்தின் ஒழுக்க விசாரணைப் பிரிவு, யூ வேண்டுமென்றே தொழில் நெறியை மீறினார் என்று கண்டது. 2010இல் சிரேஷ்ட அதிகாரி டேவிட் மார்கோலிஸ் அதை வெறும் பிழையான கணிப்பு என்று குறைத்துவிட்டார். இராணுவக் காவலில் வதைபட்டதாக யூமீது ஹொஸே படில்லா தொடுத்த வழக்கும் 2012இல் தள்ளுபடியானது. அந்தக் காலத்தில் அவ்வாறு நடத்துவது சித்திரவதைதான் என்று சட்டம் தெளிவாக இருக்கவில்லையாம். தெளிவைக் கெடுத்ததே யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

யூ பேர்க்லி பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். பைபீ 2003இலேயே கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிபதியாகிவிட்டார். அபூ ஸுபைதா தடுப்புக் காவலில் இடது கண்ணை இழந்தார். அவர்மீது இதுவரை ஒரு குற்றச்சாட்டும் தாக்கல் செய்யப்படவில்லை.