தேர்வு நேரத்துப் புண்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்த 11 மாணவர்களின் மேலண்ணத்தில், 3.5 மி.மீ. அளவில் ஒரு சிறு புண்ணை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். கோடை விடுமுறையில் ஒரு முறை. பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, அண்ணத்தின் மறுபக்கத்தில் இன்னொரு முறை. மாணவர்களும் சம்மதித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்! 1998-இல் முடிவு வெளியானது. தேர்வு நேரத்துப் புண் ஆற சராசரியாக 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது. ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை.

சந்தேகம் முதலில் விழுவது மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மீது. சிறுநீரகங்களின் உச்சியில் உள்ள அட்ரினல் சுரப்பிகளில் இது ஊறுகிறது. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டும். அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் சில நொடிகளில் படபடப்பைக் கிளப்பிவிட்டு அடங்கிவிடும். கார்டிசால் சில நிமிடம் கழித்து வந்து, மணிக்கணக்கில் வேலை பார்க்கும்.

என்ன வேலை? தசைப் புரதத்தைக் கரைத்து, கல்லீரலில் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினுக்குத் திசுக்கள் பணியாதபடி பார்த்துக்கொள்கிறது. அவசரமில்லாத துறைகளுக்கு நிதி வெட்டு: மாதவிடாய் தள்ளிப்போகலாம், தைராய்டு மந்தமாகலாம், அழற்சி அடங்கும். அழற்சி என்றாலே கெட்டது என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் புண் முதலில் சற்றுச் சிவந்து வீங்கினால்தான் கிருமிகளும் செத்த திசுவும் அகலும். அந்த அழற்சியைத் தொடங்கிவைக்கும் இன்டர்லூகின்-1 பீட்டாவை உண்டாக்கும் திறன், தேர்வு நேரத்தில் அம்மாணவர்களின் வெள்ளணுக்களில் வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்த அடக்கும் குணத்தையே மருந்தாக்கினார் மேயோ கிளினிக்கின் பிலிப் ஹெஞ்ச். 1948-இல் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண், கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோன் ஊசி போட்ட சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் மறுபக்கத்தை 2021-இல் நாமே பார்த்தோம். கொரோனா தீவிரமானவர்களின் உயிரை, கார்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து காத்தது உண்மை. ஆனால் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, அளவு மீறிய ஸ்டீராய்டால் சர்க்கரை எகிறி, எதிர்ப்பாற்றலும் சரிந்து, கறுப்புப் பூஞ்சை மூக்கிலிருந்து கண்வரை ஏறியது.

வீட்டில் யாராவது வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வரத்து இருப்பதால் அட்ரினல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று மாத்திரையை நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில், படிப்படியாகவே குறையுங்கள்.